புடாபெஸ்டில் விளக்கு வைக்கும் நேரம்

அந்த ஊரில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று ஆறுமுகநயினார் காலையிலிருந்து மூன்று பேரிடம் கேட்டுவிட்டார். மூன்று பேரும் அவருடைய ஆர்வத்தை மெச்சினார்கள். டூர் மேனேஜர் ஜெபராஜ் ஒருபடி மேலே போய், ஓடுகிற பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, கோவில்பட்டி ஐயா இப்பவே ரெடியாகிட்டாங்க, புடாபெஸ்ட்டைப் பகலில் பார்த்தால் வெறும் பந்தல், ராத்திரி பார்த்தால்தான் கல்யாணம் என்று அறிவிக்க, வியன்னாவிலிருந்து ஒரு நாள் சுற்றுலாவுக்குக் கிளம்பியிருந்த தமிழ்க் கூட்டம் முழுக்கக் கைதட்டியது. நயினாரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார். ஐப்பசி மாசம் பாருங்க, இங்க சீக்கிரம் பொழுது விழுந்திரும், ஆறு மணிக்குப் படகு ஏறுறோம், கொஞ்ச நேரத்தில் ஆத்தோட ரெண்டு கரையும் தகதகன்னு எரியும் என்றார் ஜெபராஜ். ஆறு மணி. அவருக்கு வேண்டியது அந்த ஒரு தகவல்தான். ஆறு மணி வரைக்கும் அவர் கோவில்பட்டியில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஆறுமுகநயினார் பிள்ளை. ஆறுக்கு மேல் கண் தெரியாத ஒரு மனுஷன். இந்த விஷயம் உலகத்தில் அவருக்கும் மதுரையில் ஒரு கண் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் போய் விளக்கு பார்க்கிறார்களாம் விளக்கு, ராத்திரியில் வீட்டில் படுத்துத் தூங்காமல். மகள் மதி ஆசை ஆசையாக ஏற்பாடு செய்த பயணம், வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை. முழங்கால் வலி என்று சொல்லியிருக்கலாம். முழங்கால் நன்றாக இருப்பது அவளுக்குத் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே உழுது போட்ட நிலம், நம்ம கரிசல் மாதிரியே கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்துப் பக்கத்தில் திரும்பினால், செண்பகவல்லி மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு வாயில் மாத்திரையை ஒதுக்கியபடி உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் வியன்னா குளிரில் நின்று ஐஸ்கிரீம் தின்ற புண்ணியம், நேற்றுத் தொண்டை கரகரத்தது, இன்று குரலே கிடையாது. உதடு அசைகிறது, வெறும் காற்று வருகிறது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி எட்டிப் பார்த்ததையும் அவர் மறைப்பதற்கில்லை. என்ன பேச்சு பேசுவாள் சாயங்காலமானால். பகலெல்லாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுகிறவள், வீட்டில் விளக்கு வைத்துவிட்டால் போதும், வாய் ஓயாது. எவன் இந்தச் சைக்கிளை வாசல்ல குறுக்க நிறுத்துனது, மூணாவது படி பேந்து கிடக்கே, கொத்தனாரைக் கூப்பிடணும்னு எத்தனை நாளாச் சொல்லுதேன், இந்த நாய்க்கு நடுவழியிலதான் படுக்கத் தோணுமா. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதேதான். வலது பக்கம் கயிறு கட்டியிருக்கான் பாருங்க, இப்பிடிக் கட்டினா மனுசன் எங்கிட்டு நடப்பான் என்று யாரோ ஒருத்தரிடம் குறைப்படுவது மாதிரி உரக்கச் சொல்லுவாள். கல்யாணமான புதிதில் இப்படிக் கிடையாது. கொஞ்ச வருஷமாகத்தான் இந்த வியாதி. ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், உனக்கு வாய் வலிக்காதா என்று எரிந்து விழுந்தார். அவள் கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். அப்புறம் மெதுவாக, இந்த நாற்காலியை யார் இங்க இழுத்துப் போட்டது என்று ஆரம்பித்தாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியைச் சுற்றிப் போனார். இன்றைக்கு அந்தத் தொணதொணப்பு இருக்காது. பஸ்ஸுக்குள் வெயில் இதமாக விழுந்துகொண்டிருந்தது.

முதலில் ஊர்ச் சந்தைக்குக் கூட்டிப் போனார்கள். ரயில்வே ஸ்டேஷன் மாதிரி உயரமான கூரை, அதற்கடியில் சரம் சரமாக மிளகாய் வத்தல் தொங்கியதைப் பார்த்ததும் நம்ம கூட்டத்துக்குச் சொந்தக்காரர்களைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. சாத்தூர் பக்கத்து ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் ஒரு வத்தலை முகர்ந்து பார்த்து, கடிக்கவும் கடித்து, காரம் பத்தாது, நம்ம சம்பா வத்தலுக்குப் பக்கத்தில் நிற்காது என்று ஐரோப்பாவுக்கே தீர்ப்பு எழுதினார். நயினார் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார். இது நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு வத்தலின் சுருக்கமும் காம்பும் தெரிகிறது. டாக்டர் பொய் சொல்லியிருப்பாரோ, மெஷின் தப்பாகக் காட்டியிருக்குமோ என்று பகலில் எப்போதும் வருகிற நினைப்பு வந்தது. அப்படியே ஒரு எட்டு நகர்ந்தவர் எதன் மேலோ முட்டிக்கொண்டு, சாரி, சாரி என்றார். குனிந்து பார்த்தால் அது ஒரு மரப்பெட்டி. பெட்டியிடம் மன்னிப்புக் கேட்டதை யாரும் பார்க்கவில்லை. நடுவில் பார்வை சுத்தமாக இருக்கிறது, ஓரம்தான் கிடையாது. ஓரம் இல்லை என்பதும் தெரிகிறதா என்றால் அதுவும் இல்லை. இல்லாதது என்ன கறுப்பாகவா தெரியும், அது பாட்டுக்கு இல்லாமல் இருக்கிறது. கிணற்றுக்குள் நின்று வானத்தைப் பார்க்கிற மாதிரி என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குக் கடை சாத்திவிட்டு பைக்கில் வரும்போது மாட்டின் மேல் இடித்து விழுந்தாரே, ஊர் முழுக்க மாட்டைத்தான் திட்டியது, அவரும் சேர்ந்து திட்டினார். அதற்கப்புறம்தான் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரைக்குப் போனார். அந்த வாரத்திலிருந்து வீட்டில் பொன்னாங்கண்ணிக் கீரை. கூட்டு, பொரியல், கடைசல், மறுநாளும் அதே. மலிவாகக் கிடைக்கிறதாக்கும் என்று நினைத்துத் தின்றார். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் ஆக்கிப் போட்டார்கள். மாலைக்கண், சரியாகிவிடும் என்றார்கள். பெரியப்பா கடைசிக் காலத்தில் நட்ட நடுப் பகலில் சுவரைத் தடவிக்கொண்டு சாப்பிட வருவார், தட்டு எங்கே இருக்கிறது என்று கேட்காமல் கையால் தேடுவார். அந்தக் கை தரையைத் தேடுகிற சத்தம் இப்போது மிளகாய்க் கடைக்கு நடுவில் கேட்டது. யாரோ செண்பகத்தின் கையில் ஒரு வத்தல் சரத்தைக் கொடுத்து விலை கேள் என்றார்கள். அவள் தன் தொண்டையைக் காட்டிச் சிரித்தாள்.

மத்தியானம், கொண்டு வந்திருந்த புளியோதரையைப் பூங்காவில் வைத்துச் சாப்பிட்டார்கள். அப்புறம் கோட்டைக் குன்று. மேலே நின்று பார்த்தால் ஆறு ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. இந்தப் பக்கம் புடா, அந்தப் பக்கம் பெஸ்ட், தனித்தனி ஊராக இருந்ததைப் பாலம் போட்டு ஒன்றாக்கினார்கள் என்றார் ஜெபராஜ். தனித்தனியாக இருந்ததைச் சேர்ப்பது சுலபம் என்று நயினாருக்குத் தோன்றியது. ஒன்றாகக் கிடப்பதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. அம்மா போனபோது அவருக்கு விவரம் தெரியாத வயது. சரசக்காதான் பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டு தம்பியைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி ஆளாக்கினாள். அவளுக்கு அதற்காக ஒரு நாளும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. ஒரே ஒரு தடவை, மதிக்குக் காது குத்தும்போது குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இவ எனக்குத்தாண்டா தம்பி என்றாள். அவரும் சரிக்கா என்றார். அப்புறம் அதைப் பேசவே வேண்டியிருக்கவில்லை. அக்கா மகன் கோமதிநாயகம் நல்ல பையன், குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. மதியிடம் கேட்டதற்கு, நீங்க சொன்னா சரிப்பா என்றாள். ஊருக்குத் திரும்பின மறு வாரம் நிச்சயதார்த்தம், மண்டபம் சொல்லியாகிவிட்டது. அன்றைக்கு மதுரையில் டாக்டர் கேட்டார், உங்க அப்பா அம்மா சொந்தமா. ஆமா, அம்மாவுக்கு அப்பா தாய்மாமன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவை வைத்த மாதிரியே இவருக்குப் பயம் வந்துவிட்டது. இது ரத்தத்துல வர்றது, பொண்ணு இருக்கான்னா சொந்தத்துல மட்டும் குடுத்துராதீங்க, குடுத்தே ஆகணும்னா ரெண்டு பேருக்கும் ரத்தம் பரிசோதிச்சுப் பார்த்துட்டுக் குடுங்க, பொறக்கிற பிள்ளைக்குப் பார்வை போயிரக் கூடாது பாருங்க என்றார். சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்து பஸ் ஏறினார். அக்காவிடம் எப்படிச் சொல்லுவது. உன் மகனுக்கு என் மகளைத் தர மாட்டேன், ஏனென்றால் நம்ம ரத்தம் கெட்ட ரத்தம் என்றா. சொன்னால் எனக்குக் கண் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அது தெரிந்தால் கடையில் என்ன மரியாதை, ஊரில் என்ன பேச்சு. ஒருவேளை ஒன்றும் ஆகாது. எத்தனை வீட்டில் சொந்தத்தில் கொடுத்துப் பிள்ளைகள் ஜம்மென்று இருக்கின்றன. மதிக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது. ஆனால் மதிக்குப் பிறக்கப்போகிறது. அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு செக்குமாடு மாதிரி திரும்பி, மறுபடி அக்கா, மறுபடி மடி, மறுபடி காதுகுத்து. கல்யாணப் பேச்சு முடிவான ராத்திரி செண்பகம் மட்டும், மதி விசயத்தை நல்லா யோசிச்சிட்டீகளா என்று கேட்டாள். யோசிக்க என்ன இருக்கு என்றார். உங்க பெரியப்பாவுக்குக் கண்ணு போச்சே, அதெல்லாம் வழிவழியா வருமோ என்றாள். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவள் கட்டில் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். கீழே ஆற்றின் மேல் வெயில் மஞ்சளாக மாறத் தொடங்கியிருந்தது. எல்லோரும் ஆஹா என்றார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

படகுத் துறைக்கு வந்தபோது பொழுது விழுந்துகொண்டிருந்தது. இந்த நேரம்தான் மோசம். முதலில் தரை போகும். அப்புறம் படி, பெஞ்சு, கீழே வைத்த பை, குழந்தை, அதெல்லாம் போகும். முகங்கள் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு குரல்கள் மட்டும். இதற்கென்று அவர் சில வித்தைகள் வைத்திருந்தார்: முன்னால் போகிறவரின் வெள்ளைச் சட்டையைப் பிடித்த மாதிரி போவது, செருப்பு வாரைச் சரி செய்வது போலக் குனிந்து தரையைத் தடவிப் பார்ப்பது, யாராவது இறங்கினால் அவர் தலை எவ்வளவு தாழ்கிறது என்று பார்த்து அந்த அளவுக்குக் காலை இறக்குவது. இங்கே எல்லோரும் குளிருக்குக் கறுப்புக் கோட்டு. செண்பகம் கூட வந்தால் முழங்கையோடு முழங்கை உரச நடப்பாள். ஆனால் பெண்கள் கழிவறை வரிசையில் நின்றுவிட்டார்கள். வாத்தியார், வாங்க நயினார், மேல் தளத்துல இடம் போயிரும் என்று தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். கீழேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். காலையிலிருந்து எப்போது இருட்டும், எப்போது இருட்டும் என்று கேட்ட ஆளாயிற்றே. இரும்புப் படியில் வாத்தியாரின் தோளை நட்பாகப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே காற்று சில்லென்று அடித்தது. கைப்பிடிக் கம்பி கையில் கிடைத்ததும் அதை விடவில்லை. வாத்தியார் போட்டோ எடுக்க எங்கோ போய்விட்டார். கீழே பெண்கள் ஏறுகிற பேச்சுச் சத்தம் கேட்டது. படகு நகர்ந்தது, அவ்வளவுதான், இனி ஒரு மணி நேரம் இந்தக் கம்பியோடு நின்றால் போதும். எப்படி இருக்கிறது என்று கேட்டால் பிரமாதம் என்று சொல்லத் தெரியும். எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் அது வந்தது. கரை ஓரத்தில் ஒரு கட்டடம் முழுக்கப் பொன்னாகப் பற்றிக்கொண்ட மாதிரி எரிந்தது. பாராளுமன்றம் என்று யாரோ சொன்னார்கள். நயினார் கண்ணைக் கசக்கினார். தெரிகிறது. நடுவில் பெரிய கும்மட்டம், பக்கத்தில் ஊசி ஊசியாகக் கோபுரங்கள், பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கி வரிசையாகக் கவிழ்த்து வைத்தது மாதிரி. எல்லாம் சேர்ந்து தெரியவில்லை. ஒரு துண்டு, அதை விட்டு இன்னொரு துண்டு. தலையை மெதுவாகத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். தண்ணீரிலும் அதே பொன் நடுங்கிக்கொண்டிருந்தது. ராத்திரி என்கிற ஒன்றை அவர் பார்த்து எவ்வளவு காலமாகிறது. கண்ணில் நீர் வந்துவிட்டது, அதுவும் சேர்ந்து மின்னியது. இவ்வளவு வெளிச்சம் போட்டால் எனக்கும் தெரியும், நான் ஒன்றும் குருடன் இல்லை என்று அந்த வெள்ளைக்காரர்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. செண்பகம், பாத்தியா, எனக்குத் தெரியுது என்று திரும்பினார். ஒன்றும் இல்லை. வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு முன்னை விடப் பெரிய இருட்டு. இங்கேதானே எல்லோரும் நின்றார்கள். கம்பியை எப்போது விட்டார். கையை நீட்டினார், காற்று. இன்னொரு பக்கம் நீட்டினார், யாருடைய கோட்டோ உரசி விலகியது. எந்தப் பக்கம் படி, எந்தப் பக்கம் தண்ணீர். செண்பகம் என்று கூப்பிட்டார், குரல் படகில் போட்டிருந்த பாட்டுச் சத்தத்தில் போய்விட்டது. பதில் இல்லை. ஏன் பேச மாட்டேன் என்கிறாள். எப்போதும் இந்த நேரத்துக்கு வாய் ஓயாதே. எவன் இங்க பெஞ்சைப் போட்டது என்று சொல்ல வேண்டாமா, இந்தப் படிக்குப் பக்கத்தில் ஒரு கம்பி வைக்கக் கூடாதா என்று யாரையாவது திட்ட வேண்டாமா. அவள் திட்டினால் அல்லவா அவருக்கு... ஒரு காலைத் தூக்கியவர் அதைக் கீழே வைக்கவில்லை. சைக்கிள். மூணாவது படி. நடுவழியில் நாய். வலது பக்கம் கயிறு. நாற்காலி. கொத்தனார் வரவே இல்லை, அவள் கூப்பிடவும் இல்லை, தினமும் அந்தப் படிக்கு வரும்போது மட்டும் கொத்தனாரைப் பற்றிப் பேசினாள். பொன்னாங்கண்ணி. அடப்பாவி மனுஷா என்று தன்னைத்தானே சொன்னார். இத்தனை வருஷம் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டு, உனக்கு வாய் வலிக்காதா என்று கேட்டிருக்கிறார்.

இரும்பில் எதுவோ தட்டியது. டங் டங் என்று விட்டு விட்டு. வளையல் சத்தம், கைப்பிடிக் கம்பியில் வளையலால் தட்டுகிற சத்தம். அவர் அதைப் பார்த்து நடந்தார். வர வரச் சத்தம் மெதுவானது, கடைசியில் ஒரு சில்லிட்ட கை அவர் மணிக்கட்டைப் பிடித்துக் கம்பியின் மேல் கொண்டுபோய் வைத்தது. மஃப்ளரில் மாத்திரை வாசனை. அவள் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தாள், அவரைத் தேடிப் படகு முழுக்க ஓடியிருக்க வேண்டும். கூப்பிட அவளிடம் குரல் இல்லை. அவருக்கு எல்லாம் சேர்ந்து புரிந்தது. அவளுக்குக் கண் விஷயம் தெரியும், பெரியப்பா வழியும் தெரியும், கட்டில் பக்கத்தில் ஏன் நின்றாள் என்பதும். அவள் சொந்தத்தில் இல்லாமல் அசலிலிருந்து வந்தவள். அவள் வாயால் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால், வந்தவ அக்கா தம்பியைப் பிரிச்சுட்டா என்று ஊர் சொல்லும், சரசக்காவும் சொல்லுவாள், அவரே கூடச் சொல்லியிருப்பார். அதனால் அவர் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள். நிச்சயதார்த்தம் வரைக்கும் வந்துவிட்டது, இன்னும் காத்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து அவள் கையிலிருந்த போன் அடித்தது. ஊரிலிருந்து மதி வீடியோவில் வந்தாள். போன் வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்தது. சாப்பிட்டீங்களா, குளிருதா, அம்மாவுக்குத் தொண்டை எப்படி என்று கேட்டுவிட்டு, சரி லைட்டெல்லாம் காட்டுங்கப்பா, எப்படி இருக்கு என்றாள். பிரமாதம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்து நின்றது.

"மதி, அப்பாவுக்கு ராத்திரியில கண்ணு தெரியாதும்மா. ரொம்ப வருசமாவே தெரியாது. பெரிய தாத்தாவுக்கு வந்த அதே வியாதி."

அவர் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்து, டாக்டர் சொன்னது, பேனாவைக் கீழே வைத்தது, உனக்குப் பிறக்கிற பிள்ளைக்கு வரலாம் என்றது, அதைக் கேட்டுவிட்டு இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டு மண்டபம் வரைக்கும் போனது எல்லாவற்றையும் சொன்னார். உன் முகத்தைப் பார்த்தாவது முந்தியே சொல்லியிருக்கணும் என்றார். மதியின் முகம் நடுங்கிற்று, கோபமா அழுகையா என்று அவருக்குப் பிடிபடவில்லை, இரண்டும் அவளுக்கு வரத்தான் வேண்டும். கடைசியில், அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவர் செண்பகம் நின்ற பக்கம் திரும்பினார். செண்பகம் போனுக்கு முன்னால் வந்து ஆமாம் என்று தலையை ஆட்டினாள். சரிப்பா, டெஸ்ட் பாத்துக்கலாம், அதுவரைக்கும் நிச்சயம் வேண்டாம், ஆனா அத்தைகிட்ட யாருப்பா சொல்றது என்றாள் மதி. நான்தான் என்றார். போன் அணைந்ததும் முகமும் அணைந்தது.

படகு திரும்பிக்கொண்டிருந்தது. இப்போதே அக்காவைக் கூப்பிடு என்றார் செண்பகத்திடம். அவள் அவருடைய கடிகாரத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினாள். ஊரில் எல்லோரும் படுக்கிற நேரம் என்கிறாள்.

"விடிஞ்சா நான் சொல்ல மாட்டேன், செண்பகம். வெளிச்சம் வந்துட்டா எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிரும். இப்பமே கூப்பிடு."

அவள் எண்ணைப் போட்டு அவர் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டிருந்தது. படகு துறையில் மெல்ல இடித்து நின்றது, கூட்டம் இறங்க நெருக்கியது, வாத்தியார் எங்கிருந்தோ என்ன நயினார், கண்ணுக்கு விருந்துதானே என்றார். செண்பகம் அவர் முழங்கையைப் பிடித்தாள், உரசிய மாதிரி இல்லை, நன்றாகவே பிடித்தாள். இனி சைக்கிள்காரனைத் திட்ட வேண்டியதில்லை, கொத்தனாரைக் கூப்பிட வேண்டியதில்லை. அவர் காதருகே வாயைக் கொண்டுவந்து, இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, "படி" என்றாள். காற்றுத்தான் வந்தது, அவருக்குக் கேட்டது. அவர் காலை இறக்கினார். "இன்னும் ஒண்ணு" என்றாள். அந்தப் பக்கம் சரசக்கா போனை எடுத்து, தூக்கக் கலக்கத்தில், என்னடா தம்பி, விளக்கெல்லாம் பாத்தியா என்று கேட்டாள்.

"பாத்தேன்க்கா" என்றார். அடுத்த படியில் காலை ஊன்றிக்கொண்டு, மீதியைச் சொல்லத் தொடங்கினார்.